ஏணி அண்ணாச்சியும் கரையேறிய படகும்

காலை ஏழே கால் மணி. புனேயை அடுத்த கடக்வாஸ்லா அணைக்கரையில் நான் முதலில் பார்த்தது ஓர் ஏணியை. அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வங்கி மேலாளர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அக்குளில் இடுக்கிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு, நெற்றியெல்லாம் வியர்வை. ஏணியில் யாருமே இல்லை.

"யாரும் ஏறக் காணோமே சார், எதுக்குப் பிடிச்சிட்டிருக்கீங்க?" என்றேன்.

அவர் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே காட்டினார். ஏணி சாய்ந்திருந்த இடத்தில், கட்டாந்தரையில் இரும்பு முட்டுகள் கொடுத்து நிறுத்திய ஒரு பாய்மரப் படகு. அதன் மேல்தளத்திலிருந்து எதையோ வறட்டு வறட்டென்று சுரண்டும் சத்தம்.

"பத்திரிகை வைக்க வந்தேங்க. பொண்ணு கல்யாணம். 'ஒரு நிமிசம் இதைப் பிடியும்'னு சொல்லிட்டு ஏறினார். ஒரு மணி நேரமாச்சு, இறங்கவே இல்லை."

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. நரைத்த மீசை. தலையில் ஆலைத் தொழிலாளிகள் போடும் மஞ்சள் தொப்பி.

"யாருவே அது? ஏணி பிடிக்கிற ஆள்ட்ட பேச்சுக் குடுக்கப்படாது. ஓடுற பஸ்ல டிரைவர்ட்ட பேசுவீரா?"

அவர்தான் ஏணி அண்ணாச்சி. புவியீர்ப்பு விசையோடு தனிப்பட்ட பகை வைத்திருந்த ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான். மற்ற எல்லாருக்கும் அது பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன பாடம். அவருக்கோ, எந்த நேரமும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் ஓர் ஆசாமி.

படைக்கலத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புனேத் தமிழர்களுக்கு ஏணி அண்ணாச்சி. அணைக்கரை மராத்திக்காரர்களுக்கு 'ஷிடி காகா'. ஷிடி என்றால் ஏணி, காகா என்றால் சித்தப்பா. இரண்டு மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே பெயரை வைத்தார்கள் என்றால் அந்த மனிதரைப் பற்றி மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

படகு அவருக்கு வந்த கதை சிறியது. அணைக்கரையில் படகு வைத்திருந்த ஒரு கர்னல் ஊரைவிட்டுப் போகும்போது, "முட்டுகள் உறுதியாக இருக்கின்றனவா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று இவரைக் கூப்பிட்டார். இவர் முட்டுகளைப் பார்த்துவிட்டு, படகு எந்த நிமிடமும் சாயும் என்றும், இப்படிப்பட்ட பொறுப்பில்லாத ஆளிடம் இது இருக்கவே கூடாது என்றும் சொன்னார். "அப்படியென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கர்னல் ரயிலேறிவிட்டார்.

குளிர் தேசங்களில் பனிக்காலம் முழுக்கப் படகுகளைக் கரையேற்றி வைப்பார்களாம். எங்கள் பக்கத்துக்குக் கோடைதான் கணக்கு. வெயிலில் அணைத் தண்ணீர் இறங்கியதும் படகு மேலே வரும். மழைக்காலம் முடிந்து அணை தளும்பும்போது மறுபடி இறங்கும். இடைப்பட்ட மாதங்களில் அதைச் சுரண்ட வேண்டும், பூச வேண்டும், பூசியதை மறுபடி சுரண்ட வேண்டும். தண்ணீரில் இருக்கும்போது படகின் தளம் நம் இடுப்புக்குத்தான் வரும். தரையில் நிற்கும்போது அது ஒரு மாடி உயரம்.

"தண்ணியில விழுந்தா நனைவீரு. தரையில விழுந்தா உடைவீரு. கப்பக்காரன் செத்ததெல்லாம் கடல்லன்னா நெனைக்கீரு? பாதிப் பேரு ஏணியில," என்பார் அண்ணாச்சி. இதற்கு ஆதாரம் கேட்டால் தொப்பியைக் கழற்றிக் காட்டுவார். தொப்பியில் ஒரு கீறல்கூட இருக்காது. அதுதான் ஆதாரம்.

ஏணி ஏறுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஏணிக்கால்கள் மண்ணில் புதையாதபடி பலகைமேல் நிற்க வேண்டும். ஏணியின் தலையைப் படகின் கம்பியில் சாய்த்தால் போதாது. தளத்தில் இருக்கும் இரும்புக் கொம்பில் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். சட்டைப்பை காலி. கையில் எதுவும் கூடாது. சுரண்டி, தூரிகை, பெயின்ட் எல்லாம் கயிற்று வாளியில் தனியாக மேலே போகும். ஏணியைப் பார்த்தபடிதான் ஏற வேண்டும், ஏணியைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் ஏணியைத் தொட்டிருக்க வேண்டும். மேலே ஆள் இருக்கிற வரைக்கும் கீழே ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் புனேத் தமிழ்ச் சமூகத்தைப் பாடாய்ப் படுத்தியது. பத்திரிகை வைக்க, நன்கொடை கேட்க, ஜாதகம் காட்ட என்று யார் போனாலும் முதலில் கையில் ஏணி வரும். வருகிறவர்களின் செல்போன்களைப் போட அடியில் ஒரு பிரம்புக்கூடை இருந்தது. போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும். ஏணி பிடித்தவர் கையை எடுக்க முடியாது. என் நாளிதழின் செய்தி ஆசிரியர் அடிக்கும் மணியை அந்தக் கூடைக்குள்ளிருந்து நான் அமைதியாகக் கேட்டு நின்ற காலைகள் உண்டு.

எனக்குப் புரியாத சங்கதி ஒன்றுதான். ஏணி என்றால் இவ்வளவு நடுங்குகிறவர், எதற்காக ஞாயிறு தவறாமல் அதில் ஏற வேண்டும்? வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாமே?

ஏன் ஏறுகிறார் என்பதற்கு இன்றும் விடை தெரியாது. நடுக்கத்தில் பாதிக்கு விடை மதினியிடம் இருந்தது. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் எல்லாரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் குள்ளம், குரல் நெட்டை.

பக்கத்து முட்டில் விமான் நகர் கம்ப்யூட்டர்க்காரர் ஒருவரின் படகு இருந்தது. அவர் ஒரு நாள் ஒரு கையில் பெயின்ட் டப்பாவும் மறு கையில் போனுமாக, வெறுமனே சாய்த்த ஏணியில் ஏறினார். ஏணி பக்கவாட்டில் நழுவியது. குதிகால் எலும்பு மூன்றாகப் போனது. சோற்றுத் தூக்கோடு வந்த மதினி இதைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஆட்டோவில் அவரை ஏற்றி அனுப்பிய கையோடு, அங்கேயே ஆணை பிறந்தது.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. இன்னியிலேருந்து நம்ம ஏணியில எவன் விழுந்தாலும் சரி, இந்த மூதி அன்னைக்கே தாபாவுக்குப் போயிரணும். நீங்க விழுந்தாலும் சரி, வெளியாளு விழுந்தாலும் சரி, ஒரு கொரங்கு விழுந்தாலும் சரி."

'மூதி' என்றது படகை. 'தாபா' என்றது சிங்ககட் சாலையில் இருந்த ஓர் உணவகத்தை. அதன் முதலாளி வெகுநாளாக அந்தப் படகின்மேல் கண் வைத்திருந்தார். வாசலில் சிமென்ட் தளம் போட்டு அதில் படகைப் புதைப்பது, தளத்தில் இரண்டு மேஜை, பாய்மரம் முழுக்க வண்ண விளக்கு, கீழே மீன் வறுவல். திட்டம் முழுசாக அவர் தலையில் தயாராக இருந்தது.

"நீங்க சரின்னுட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வேற என்ன செய்யச் சொல்லுதீரு? முப்பது வருசம் அடுத்தவனுக்கு ரூல் போட்டவன்யா நானு. எனக்கு ஒருத்தி ரூல் போட்டா மீறவா முடியும்?"

ஆக, அந்த ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தது படகு. ஒரு கால் தவறினால் அதன் மடியில் தந்தூரி அடுப்பு.

தாபாக்காரருக்கும் ஆணை தெரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்குவார். நல்ல மனிதர், சூடாக வடாபாவ் வாங்கி வருவார். ஏணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்பார்:

"காய் காகா, கோணீ பட்லா கா?"

யாராவது விழுந்தார்களா என்று.

"நஹீ ஷேட், ஆஜ் பீ நஹீ," என்பார் அண்ணாச்சி மேலிருந்து. இல்லை முதலாளி, இன்றைக்கும் இல்லை. தாபாக்காரர் பெருமூச்சு விட்டு, அளவு டேப்பை எடுத்துப் படகின் நீளத்தை இன்னொரு முறை அளந்துகொண்டு போவார். படகு வளரவில்லை என்று உறுதி செய்துகொள்வதைப்போல.

ஒருமுறை அவருக்கு அதிர்ஷ்டம் கிட்டத்தட்ட அடித்தது. கருமூஞ்சிக் குரங்கு ஒன்று அவர் கையிலிருந்த வடாபாவைப் பறித்துக்கொண்டு நேரே ஏணியில் ஏறிவிட்டது. ஏணியின் அடியில் நான். மேலே அண்ணாச்சி. நடுவில் குரங்கு. ஆணையின் மூன்றாம் பிரிவு எல்லார் நினைவுக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

"அசையாம பிடியும் தம்பி!" என்று கத்தினார் அண்ணாச்சி. பிறகு குரங்கைப் பார்த்து, தொட்டில் பிள்ளையிடம் பேசும் குரலில், "மெதுவா வாய்யா ராசா... அவசரப்படாத... கீழ பாக்காத..."

குரங்கு நிதானமாக ஏறியது. அண்ணாச்சியின் முகத்தில் அச்சம் வடிந்து, வியப்பு ஏறியது.

"பாத்தீரா! மூணு பிடி ஏணியில இருக்கு. ஒண்ணை எடுத்து வச்ச பொறவுதான் அடுத்ததை எடுக்குது. தீனிய எங்க வச்சிருக்கு? வாயில! கையில பிடிச்சிருக்கா? எம்.டெக் படிச்சவனுக்கு இல்லாத புத்தியப் பாரும்!"

தளத்துக்கு வந்த குரங்கு அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு ஒரே தாவலில் பக்கத்து நாவல் மரத்துக்குப் போனது. கிளை முறிந்து, கிளையோடு தரைக்கு வந்தது.

"கிரா! கிரா!" என்று துள்ளினார் தாபாக்காரர்.

"கூதா ஹை! கிரா நஹீ!" என்று தளத்திலிருந்து கர்ஜித்தார் அண்ணாச்சி. குதித்தது, விழவில்லை.

வழக்கு மதினியிடம் போனது. மதினி தூக்குச்சட்டியைக் கீழே வைத்து, இரண்டு தரப்பையும் கேட்டு, முறிந்த கிளையை நேரில் பார்வையிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மரத்துலேருந்து விழுந்தா மரத்தோட பாடு. ஏணிக்குச் சம்பந்தமில்ல." தாபாக்காரர் தீர்ப்பை ஏற்றார். போன வடாபாவுக்கு ஈடாக மதினி அவருக்கு இரண்டு கரண்டி புளியோதரை வைத்தார்.

வங்கி மேலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அண்ணாச்சி வந்தார். வந்திருக்க வேண்டாம் என்பது மேலாளரின் பிற்காலக் கருத்து. முகூர்த்த நேரம் நெருங்கும்போது மண்டப ஆள் ஒருவன் பூச்சரத்தைச் சரிசெய்ய மேடையோரம் ஓர் ஏணியைச் சாய்த்தான். அண்ணாச்சி எழுந்தார்.

"எறங்குலே கீழ. ஏணித் தலையக் கட்டாம ஒருத்தனும் ஏறப்படாது."

"அண்ணாச்சி, முகூர்த்தம் போயிட்டிருக்கு," என்றார் மேலாளர் கைகூப்பி.

"போவட்டும். தாலி பொறவு கட்டலாம். மொதல்ல ஏணியக் கட்டும்."

கட்டினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா அடியில் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாண வீடியோவில், தாலி ஏறுகிற காட்சியின் வலது ஓரத்தில், பட்டு வேட்டியோடு ஏணியைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் ஏங்கிப் பார்த்துக்கொண்டிருப்பதை இன்றும் காணலாம்.

அந்த ஏணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலை ஏலத்தில் எடுத்த பழைய அலுமினிய ஏணி. நெட்டை ஆட்களுக்காகச் செய்தது. முதல் படியே உயரத்தில் இருக்கும். பலகைமேல் நிறுத்தினால் இன்னும் உயரம். தாபாக்காரர் ஒரு முறை, பெயின்ட் டப்பா மாட்ட ஒரு கொக்கி அடித்துத் தரட்டுமா என்று நல்லெண்ணத்தில் கேட்டுவிட்டார். அண்ணாச்சி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "ஏணின்னா வாங்கினது வாங்கினபடி இருக்கணும். ஒரு ஆணி அடிச்சாலும், ஒரு ஓட்டை போட்டாலும் அது ஏணி இல்ல தம்பி. தூக்குமரம்."

மதினி ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டோடு வருவார். ஏணிக்கு அருகில் வந்து நிற்பார். முதல் படியைப் பார்ப்பார். அது அவர் முழங்காலுக்கு மேலே இருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, "எறங்கி வாங்க, சோறு ஆறுது" என்பார்.

"நீங்க ஒருநாளும் மேல போய்ப் பாத்ததில்லையா மதினி?" என்றேன் ஒருமுறை.

"அங்கன என்ன இருக்கு பாக்க? மரமும் கயிறும். எங்க வீட்டுக் கொல்லையிலயே அது கெடக்கு."

ஆனால் அடுத்த ஞாயிறும் முதல் படியைப் பார்த்தார். நானும் அதைக் கவனித்தேன்.

போன ஆயுத பூஜைக்கு வந்தது சோதனை.

ஆயுத பூஜை விஷயத்தில் ஆலைக்காரர்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. இயந்திரத்தைக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டால், அன்று அதைத் தொடக்கூடாது. மறுநாள்தான் ஓட்ட வேண்டும். பக்தி என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஈரச் சந்தனத்தோடு எந்தக் கருவியையும் இயக்காமலிருக்க முன்னோர் செய்த ஏற்பாடும் அதுதான் என்பது எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. மறுநாள் தசராவுக்குத் தாபாவில் கூட்டம் நெரியும். படகை இழுக்க அந்த வட்டாரத்தில் கிடைக்கும் ஒரே டிராக்டர் தாபாக்காரருடையது. எனவே பூஜையும் படகு இறக்குவதும் ஒரே காலையில் என்று முடிவானது.

அணை தளும்பிக்கொண்டிருந்தது. புதுசாக நீலம் பூசிய படகின் முன்னால் வாழையிலை, பொரி, சுண்டல். சுரண்டிக்குப் பொட்டு, தூரிகைக்குப் பொட்டு, மஞ்சள் தொப்பிக்குப் பொட்டு. ஏணிக்கு ராஜமரியாதை. மதினி அரைத்துக் கொடுத்த சந்தனத்தை அண்ணாச்சி தம் கையாலேயே, ஒரு படி விடாமல், நடுவில் திட்டுத் திட்டாக அப்பினார். படியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் மண் போட்டுத் துடைக்கிற மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நானும் ரசித்துப் பார்த்தேன். எங்கள் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

படகின் மூக்குக்குப் பொட்டு வைக்க வேண்டியது பாக்கி. அது உயரத்தில் இருந்தது. ஏணியை அங்கே மாற்றிக் கட்டினார்கள். அண்ணாச்சி குங்குமச் சிமிழைக் கயிற்று வாளியில் வைத்தார்.

"நில்லுங்க," என்றார் மதினி. "நான் வைக்கேன்."

"நீயா? ஏ பிள்ள, நீ ஏறினதே இல்லையே."

"இந்த மூதிக்கு ரெண்டு வருசமாச் சோறு சுமந்தவ நான். பொட்டு நீங்க வைப்பீகளோ?"

அண்ணாச்சி ஏணியின் அடியில் போய் நின்று பிடித்துக்கொண்டார். அவர் ஏணி பிடித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மதினி சேலையைத் தூக்கிச் செருகினார். முதல் படிக்குக் காலைத் தூக்கினார், எட்டவில்லை. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து, எம்பி, ஒருவழியாக வலது காலை ஊன்றினார். இடது காலை அடுத்த படியில் வைத்தார்.

சந்தனத்தில் வைத்தார்.

வாழையிலைக்குப் பக்கத்தில், பொரிக் குவியலின்மேல், மதினி தரையில் இருந்தார். பொரி நாலாபக்கமும் சிதறியது. இரைந்துகொண்டிருந்த டிராக்டரைத் தாபாக்காரர் நிறுத்தினார்.

அண்ணாச்சி ஏணியை விட்டுவிட்டுக் குனிந்து மதினியின் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். எதுவும் உடையவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் பார்வை ஏணிக்குப் போனது. இரண்டாம் படியில் சந்தனம் வழித்தெடுத்ததுபோல ஒரு கால்தடம். அவர் முகம் தரையை விடக் காய்ந்துபோனது.

"சந்தனத்த நான்தான் வச்சேன்," என்றார் எங்கள் எல்லாருக்கும் பொதுவாக. அப்புறம் தொப்பியைக் கழற்றினார். டிராக்டர் பக்கம் திரும்பினார். "ஷேட்."

தாபாக்காரர் இறங்கி வந்தார். இரண்டு வருடம் காத்திருந்த மனிதர். ஆனால் அந்த நிமிடம் அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சாலை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். கையை இரண்டு பக்கமும் மாறி மாறிக் காட்டி, மெல்லக் கேட்டார்:

"குடே நேவூ, காகா? பாண்யாத், கீ தாப்யாவர்?"

எங்கே கொண்டுபோக? தண்ணீருக்கா, தாபாவுக்கா?

அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். "நீ போட்ட ரூலு. நீயே சொல்லு பிள்ள."

மதினி எழுந்திருக்கவில்லை. சேலையில் ஒட்டிய பொரியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். அப்புறம் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் பொணம் கெடக்குற துட்டி வீட்டுல நிக்க மாதிரி நிக்கீக? யாரு விழுந்தா?"

நான் குனிந்து பொரியைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"காலையிலேருந்து சந்தனம் அரைச்சு, சுண்டல் அவிச்சு, நின்ன கால்ல நிக்கேன். ஒரு நிமிசம் உக்காரக்கூடாதா?"

"காகூ, தும்ஹி..." என்று தொடங்கினார் தாபாக்காரர். சித்தி, நீங்கள்தானே என்று.

"பைட்டி ஹூம் நா!" என்றார் மதினி, தமக்குத் தெரிந்த இந்தியில். உட்கார்ந்துதானே இருக்கிறேன். "குரங்கு கேசுல எம் பேச்சக் கேட்டியா இல்லியா? இதுலயும் கேளு. பாண்யாத்!"

தாபாக்காரர் நின்று யோசித்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி அந்தத் தீர்ப்பையும் ஏற்று, டிராக்டரில் ஏறினார். ஏறும்போது இருக்கையைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஏறினார்.

பொட்டை அண்ணாச்சியே வைக்க வேண்டியதாயிற்று. ஏணிப்படிகளை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறினார். மதினி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எடது பக்கம்... இன்னும் கீழ... கோணலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் படகு தண்ணீரில் மிதந்தது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது கரையில் யாருமில்லை. படகு நடு அணையில் நங்கூரமிட்டு நின்றிருந்தது. ஏணி நாவல் மரத்தடியில் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. இனி அது அடுத்த கோடைக்குத்தான் தேவைப்படும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம், ஏணிக்காலுக்கும் முதல் படிக்கும் நடுவில், இருபுறமும் ஓட்டை போட்டு, போல்ட் முடுக்கி, வழுக்காமலிருக்கச் சாக்குத்துணி சுற்றி, புதிதாக ஒரு படி இருந்தது.